கோயில் இல்லாத 340 ஆண்டுகள்

அக்காவின் மகள் போன வருடம் கனடாவிலிருந்து வந்திருந்தபோது கோணேசர் மலையில் நின்றுகொண்டு ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, இந்தக் கோயில் உண்மையில எத்தின வருசம் பழசு?" திருகோணமலையில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இதற்கு இரண்டு பதில்கள் தெரியும். 3000 ஆண்டு என்பது ஒன்று. சின்ன வயதில் சமய பாடப் புத்தகத்துக்கும் முன்பே அது காதில் விழுந்துவிடும். 1963 என்பது மற்றது. இப்போது நாம் பார்க்கும் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்த வருடம். நான் இரண்டையும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, "அப்ப இடையில?" என்றாள்.

அந்த "இடையில" என்னை விடவில்லை. கோணேசர் கோயிலைப் பற்றி நாம் பேசுவதும் எழுதுவதும் பெரும்பாலும் இரண்டு முனைகளைப் பற்றித்தான். ஒருபக்கம் இராவணன், திருப்பணி செய்த மன்னன் குளக்கோட்டன், பதிகம் பாடிய சம்பந்தர். மறுபக்கம் 1950இல் கிணறு வெட்டும்போது கிடைத்த விக்கிரகங்கள், 1963இல் எழுந்த கோயில். நடுவில் போர்த்துக்கேயர் இடித்தார்கள் என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏறத்தாழ 340 ஆண்டுகள் கிடக்கின்றன. அவ்வளவு காலமும் அந்த மலைமுனை என்னவாக இருந்தது, யார் அங்கே போனார்கள், எதைக் கும்பிட்டார்கள் என்று நாம் அதிகம் கேட்பதில்லை. கோட்டையும் பீரங்கியும் இருந்த காலம், ஆகவே அது அவர்களுடைய வரலாறு, நம்முடையது அல்ல என்று ஒதுக்கிவிட்டோமோ என்று எனக்குப் படுகிறது.

வாசலில் இருக்கும் கல்

கோயிலுக்குப் போக வேண்டுமானால் கோட்டை வாசலுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். போர்க்காலத்தில் அந்த வாசலில் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்ற ஞாபகம் எங்கள் தலைமுறைக்கு உண்டு. அப்போது யாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வாசல் நிலையில் இருக்கும் கல்லை நின்று நிதானமாகப் பார்ப்பது சமாதான காலத்தில்தான் சாத்தியமானது.

அந்தக் கல்லில் இணைக்கயல், அதாவது இரட்டை மீன், செதுக்கப்பட்டிருக்கிறது. பாண்டியரின் இலச்சினை. 13ஆம் நூற்றாண்டில் வீரபாண்டியன் ஈழத்தை வென்று கோணமலையில் கயல் பொறித்ததாகப் புதுக்கோட்டைப் பக்கத்துக் குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது. மீனோடு தமிழ் எழுத்துகளும் உண்டு. சிதைந்து போனவை. "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கி, திருப்பணி, பின்னே, பறங்கி என்ற சொற்கள் வரை கூட்டி வாசிக்கலாம். மிச்சத்தை ஊர் வாய்மொழியாக வைத்திருக்கிறது. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான், அவனுக்குப் பிறகு பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் என்று ஆள் மாறி ஆள் வருவார்கள் என்று அந்தப் பாட்டு நீளும். ஒவ்வொரு பெயரையும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று பொருத்திச் சொல்லும் பெரியவர்களைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

அது முன்கூட்டிச் சொன்ன தீர்க்கதரிசனமா, நடந்தபின் எழுதியதா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. அந்தக் கல் இருக்கும் இடம்தான் எனக்குப் பெரிது. கோயிலை இடித்தவர்கள் அதன் கற்களை எடுத்தே கோட்டையைக் கட்டினார்கள். 1622 சித்திரை வருடப்பிறப்பன்று, சுவாமி ஊர்வலமாக நகருக்குள் போயிருந்த நேரம், பிராமணர் வேடத்தில் படையாட்கள் உள்ளே நுழைந்தார்கள் என்பது ஊர் மரபு. 1624 அளவில் அதே முனையில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கட்டுவித்த கோட்டை எழுந்தது. மூன்று கோயில்கள் இந்த முனையில் இருந்ததாகப் போர்த்துக்கேயர் குறிப்புகளே சொல்கின்றன. உச்சியில் ஒன்று, சரிவில் ஒன்று, கீழே ஒன்று. மூன்றும் போய்விட்டன. தூண்களில் பல கடலுக்குள் தள்ளப்பட்டன. ஆனால் கட்டட வேலைக்குக் கல் வேண்டியிருந்ததால் மீனும் எழுத்தும் வாசலில் தப்பிவிட்டன. வருவோர் போவோர் எல்லோரும் கடந்தாக வேண்டிய இடத்தில், 400 ஆண்டுகளாக.

கை மாறிய கோட்டை

கோட்டையின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், பலரும் எழுதியது. 1639இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1672இல் பிரெஞ்சுக் கப்பல்கள் குடாவுக்குள் வந்து முயன்று பார்த்துவிட்டுப் போயின. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், அதே வருடம் ஆகஸ்ட்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அவர்களிடமிருந்து பறித்தார், பிறகு அது ஒல்லாந்தர் கைக்குத் திரும்பியது. 1795இல் மறுபடி ஆங்கிலேயர். 1803இல் யோர்க் கோமகன் பிரெட்றிக்கின் பெயரைச் சூட்டினார்கள். பிற்காலத்தில் வெலிங்டன் பிரபுவாகி வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லி தங்கிய வீடு இன்றும் கோட்டைக்குள் இருக்கிறது.

இத்தனை பேரும் ஏன் இந்த முனைக்கு அடிபட்டார்கள் என்பது மலையுச்சியில் நின்றால் விளங்கும். ஒருபக்கம் திறந்த வங்கக்கடல். மறுபக்கம் கொட்டியாரக்குடா, அதற்குள்ளே மலைகள் மறைத்து நிற்கும் உள்துறைமுகம். எந்தப் பருவக்காற்றிலும் பெரிய கப்பல்கள் ஒதுங்கி நிற்கக்கூடிய ஆழம். வங்கக்கடலின் மேற்குக் கரையில் இப்படி இன்னொரு இடம் கிடையாது. மகாவலி கடலில் சேரும் குடாவிலிருந்து ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு வெளியே இறங்கிப்போகிறது. கரைக்கு இவ்வளவு அருகில் ஆழ்கடல் வந்துவிடுவதால்தான் பங்குனி சித்திரையில் கோயில் வீதியில் நின்றபடியே நீலத் திமிங்கிலம் ஊதுவதைக் காண முடிகிறது. உலகில் வேறெந்தக் கோயில் வாசலில் இந்தப் பாக்கியம் உண்டென்று எனக்குத் தெரியாது.

ஆக, கேந்திரம் தேடியவனுக்கு அது கேந்திரம். கும்பிட வந்தவனுக்கு? இந்தக் கேள்வியோடுதான் மருமகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா சொன்னது

என் அம்மாவுக்கு எண்பது கடந்துவிட்டது. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் மந்தமில்லை. பின்னேரத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது பேத்தி அவரிடமும் அதே கேள்வியைப் போட்டாள். அம்மா ஆண்டுக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. "நாங்கள் சின்னப் பிள்ளையளா போகேக்க அங்க கோயிலே இல்லையே" என்றார்.

"அப்ப எங்க அம்மம்மா கும்பிட்டனீங்கள்?"

"மலையைத்தான்."

பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் தாத்தா கூட்டிப்போவாராம். வாசலில் வெள்ளைக்காரச் சிப்பாய் நிற்பான், தடுக்கமாட்டான். இருட்டமுன் திரும்பிவிட வேண்டும். தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், கற்பூரம், ஒரு தேங்காய். செருப்பைக் கீழே எங்கோ கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏற்றம். மேலே கோபுரமும் இல்லை, மண்டபமும் இல்லை, ஒரு கூரைகூட இல்லை. பாறை முடியும் இடத்தில் சனம் நிற்கும். ஐயர் மட்டும் விளிம்பைத் தாண்டிக் கீழே இருக்கும் ஒரு படிப்பாறைக்கு இறங்குவார். மேலே நிற்பவர்களுக்கு ஐயர் தெரியமாட்டார், பஞ்சாலாத்தி தூக்கிய கை மட்டும் தெரியும். காற்றுக்குக் கற்பூரம் நிற்காது, அணைய அணையக் கொளுத்துவார்கள். பூவையும் பழத்தையும் கடலுக்குத்தான் போடுவது. தேங்காயை உடைத்து அதையும் கடலுக்கு.

"தேங்காய் விழுற சத்தம் கேக்குமோ எண்டு நாங்கள் மூச்சுவிடாம நிப்பம். ஒருநாளும் கேட்டதில்லை. அவ்வளவு பள்ளம்."

300 அடிக்கு மேற்பட்ட செங்குத்துப் பாறை அது. இராவணன் வெட்டு என்று நாம் சொல்லும் பிளவு அதன் பக்கத்தில்தான்.

அம்மா சொன்ன வழிபாட்டை நான் வேறோர் இடத்தில் படித்திருந்தேன். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தன் நூலில் ஏறக்குறைய இதையேதான் விவரிக்கிறார். கடலுக்கு மேல் நீட்டிநிற்கும் பாறை விளிம்பு, சூரியன் சாயும் நேரம், கடலுக்குப் போடப்படும் காணிக்கைகள், உயர்த்திப் பிடித்த தீபம், விழுந்து வணங்கும் சனம். படித்தபோது அதை ஒரு பழைய வெள்ளைக்காரரின் காட்சி வர்ணனையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அம்மாவின் வாயால் கேட்டபோது அது வேறாகிவிட்டது. டெனன்ட் கண்ட சனத்துக்கும் என் அம்மா நின்ற சனத்துக்கும் இடையில் ஒரு நூற்றாண்டு. அந்த நூற்றாண்டு முழுக்க அதே விளிம்பு, அதே நேரம், அதே முறை. எங்கும் எழுதிவைக்காமல், ஒரு கல்லைக்கூட நட்டுவைக்காமல், ஐயர் ஐயராகவும் வீடு வீடாகவும் கைமாற்றி வந்திருக்கிறார்கள்.

மருமகள் கேட்ட "இடையில" என்பதற்கு விடை இதுதான் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. இடையில் கோயில் இல்லை. வழிபாடு இருந்தது. இடித்தவன் கட்டடத்தை இடித்தான், அதன் கல்லை எடுத்துக் காவல்போட்டுக் கோட்டையும் கட்டினான். அந்தக் கோட்டைக்குள்ளேயே, வெள்ளைக்காரக் காவலாளிகளைத் தாண்டி, வெறுங்காலோடு போய்க் கடலுக்குப் பூப்போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் நம்முடைய ஆட்கள். எனக்கு இது 3000 ஆண்டுக் கணக்கைவிடப் பெரிய பெருமையாகத் தோன்றுகிறது.

சம்பந்தர் பாடிய கடலும் மலையும்

அதன் பிறகு கோணமாமலைப் பதிகத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் இராமேச்சரத்தில் நின்றபடி திருக்கேதீச்சரம், திருக்கோணமலை என்ற ஈழத்துத் தலங்கள் இரண்டையும் பாடினார் என்பது சேக்கிழார் சொல்லும் வரலாறு. முதற்பாட்டில் சந்தனமும் அகிலும் மணிகளும் கரைக்கு வருகின்றன, ஒலிக்கும் கடலின் அலை முத்தைக் கொழிக்கிறது. இன்னோர் இடத்தில் குடிகள் நெருங்கிப் பெருகிய ஊர் தெரிகிறது. கடல், மலை, சனம். பல தடவை ஓதிய பதிகம்தான். ஆனால் அம்மாவின் மலை மனதில் இருக்கும்போது வாசித்தால், தூரத்திலிருந்து பாடிய அந்தப் பிள்ளைக்கு எது முக்கியமாக இருந்தது என்பது வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதரும் இந்தத் தலத்துக்குத் திருப்புகழ் பாடியிருக்கிறார். சோழர் காலத்தில் பெரும் நிலம் இங்கே தானமாக விடப்பட்டதை நிலாவெளிக் கல்வெட்டு சொல்கிறது. அந்தச் செல்வம் எல்லாம் போனபின்பும் எஞ்சியது பதிகத்தின் முதற்பாட்டில் இருந்தவைதான்.

கிணறும் கடலும்

1950இல் கோட்டைக்குச் சற்றுத் தள்ளி நகரசபை ஒரு கிணறு வெட்டியது. மண்ணுக்குள்ளிருந்து வெண்கல விக்கிரகங்கள் வந்தன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி. இடிப்புக்கு முன் யாரோ கையில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு ஓடிப் புதைத்திருக்க வேண்டும். திரும்பி எடுக்க வருவோம் என்று எண்ணியே புதைத்திருப்பார்கள். விக்கிரகம் கிடைத்த செய்தி ஊரில் பரவியபோது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. பெரிய பெண்டுகள் தெருவில் நின்று அழுததை அவர் கண்டிருக்கிறார்.

1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலையடியில் கடலுக்குள் இறங்கித் தூண்களையும் செதுக்குக் கற்களையும் கண்டார்கள். வில்சன் கடலடியிலிருந்து மீட்ட லிங்கம் இன்று கோயிலில் இருக்கிறது. இந்த வில்சனைப் பற்றி நம்மவர்கள் கூடுதலாகப் பேச வேண்டும் என்பது என் ஆசை. நீரடிப் படப்பிடிப்பாளராக வந்தவர், சிங்களத்தில் முதல் வண்ணப்படத்தை எடுத்தவர், கடைசியில் எல்லாவற்றையும் துறந்து சிவகல்கி சுவாமி என்ற பெயரோடு சந்நியாசியாக வாழ்ந்தார். லண்டனிலிருந்து புறப்பட்டவரை இந்தக் கடல் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது!

புதைந்ததும் மூழ்கியதும் திரும்பி வந்தபின் 1963 மார்ச்சில் கும்பாபிஷேகம். ஊர் முழுக்கக் காசு சேர்த்துக் கட்டிய கோயில். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசரும் மாதுமை அம்பாளும் நகர்வலம் வரும் நாட்களில் வாசலுக்கு வாசல் நிறைகுடம் வைக்கும் ஊர் இது. அந்தக் கோயிலை அறுபது வருடக் கட்டடம் என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால் எனக்கு வலிக்கும். அது கட்டப்படுவதற்கு முன் எத்தனை தலைமுறை கூரையில்லாமல் நின்றது என்பதையும் சேர்த்துத்தான் அதன் வயதைச் சொல்ல வேண்டும்.

யார் முதலில் வந்தது

இந்த மலையைப் பற்றிப் பேசினால் இப்போது தவிர்க்க முடியாமல் ஒரு சண்டைக்குள் போய் விழுகிறோம். மகாசேன மன்னன் கோகர்ணத்தில், அதாவது திருகோணமலையில், விகாரை எடுத்ததாகப் பௌத்த வரலாற்று நூலான மகாவம்சம் சொல்கிறது. கோட்டைக்குள் விகாரையும் போதிமரமும் இருக்கின்றன. 1223ஆம் ஆண்டுக்குரிய சோழகங்கதேவனின் சமஸ்கிருதச் சாசனத்திலும் கோகர்ணம் என்ற பெயர் வருகிறது. ஒவ்வொரு தரப்பும் தனக்கு வாய்ப்பான வரியை எடுத்துக்கொண்டு யார் முதலில் வந்தது என்று அடிபடுகிறது. இப்படியொரு துறைமுகத்தின் தலைமாட்டில் இருக்கும் மலைக்குக் கப்பலில் வந்தவர்கள் எல்லோரும் தத்தம் தெய்வத்தோடு ஏறியிருப்பார்கள் என்பதை ஏற்பதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. ஆனால் 1700 வருடத்துக்கு முந்திய ஒரு சங்கதியைக் காட்டி இன்றைக்குக் கும்பிடுகிறவனின் காலடியை ஒதுக்கப் பார்ப்பதை ஏற்க முடியாது. பழமைக் கணக்கில் எதிராளியை வெல்ல நாம் 3000 என்பதை 5000 ஆக்குவதும் உதவாது. முதலில் வந்தது யார் என்ற கேள்விக்குக் கல்லைத் தோண்டிக்கொண்டே இருக்கலாம். எதுவுமே இல்லாதபோதும் விட்டுப்போகாமல் நின்றது யார் என்ற கேள்விக்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

அதுதான் என்னை அவசரப்படுத்துகிறது. 1963க்கு முன் அந்த வெறும் பாறையில் நின்று கும்பிட்ட ஞாபகம் உள்ளவர்களுக்கு இப்போது எழுபதுக்கு மேல், எண்பதுக்கு மேல் வயது. பாதிப் பேர் கனடாவிலும் லண்டனிலும் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். மலையிலும் அடையாளங்கள் வேகமாக மாறுகின்றன. பெரிய சிவன் சிலை, வெட்டின் பக்கத்தில் கைகூப்பிய இராவணன், விளிம்பு நெடுகக் கம்பி வேலி, பிள்ளைவரம் வேண்டிக் குட்டித் தொட்டில்கள் கட்டிய மரம். கோட்டைப் புல்வெளியில் புள்ளிமான்கள் பூவரசம் இலையை விட்டுவிட்டுச் சோற்றுப் பார்சல் சுற்றிய லஞ்ச் சீற்றைச் சவைத்துக்கொண்டு நிற்கின்றன, அதையாவது நாம் நாளைக்கே நிறுத்தலாம். ஐயர் இறங்கிய படிப்பாறை எது என்று அம்மாவைக் கூட்டிப்போய்க் கேட்டேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, இடதுபக்கம் ஓரிடத்தைக் காட்டினார். அவர் வயதுடைய இன்னொருவர் அதற்கும் தள்ளி வேறோரிடத்தைச் சொன்னார். இரண்டையும் படம் எடுத்து, சொன்னவர் யார், எந்த வருட ஞாபகம் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

வாசிக்கும் உங்கள் வீட்டில் திருகோணமலையில் பிறந்த பெரியவர்கள் இருந்தால் தயவுசெய்து இந்த வாரமே கேளுங்கள். எந்த வாசலால் போனார்கள், எந்த நேரம் வரை உள்ளே விட்டார்கள், ஐயர் எந்தப் பக்கம் இறங்கினார், என்ன பாடினார்கள், தேங்காயை எங்கே நின்று உடைத்தார்கள், 1942இல் யப்பான்காரன் குண்டு போட்டு ஊர் வெளிக்கிட்ட நாட்களிலும் யாராவது மலைக்குப் போனார்களா. கைபேசியில் குரலாகவே பதியுங்கள். சொல்பவரின் பெயர், பிறந்த வருடம், இருந்த தெரு மூன்றையும் முதலில் சொல்ல வையுங்கள். அம்மாவின் குரலை அக்காவின் மகள்தான் பதிந்தாள், 40 நிமிடம் வருகிறது. அதில் பாதி தாத்தாவின் சைக்கிளைப் பற்றியது, அதையும் வெட்டாமல் வைத்திருக்கிறோம்.